வெளியே இமயமலை, உள்ளே கொடைக்கானல்

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் இருந்தோம். சனிக்கிழமை காலைகளில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் தோசை வாசனை வந்ததே இல்லை. பிளாஸ்டிக் ஒட்டும் பசையும் பெயின்ட்டும் கலந்த, அம்மா "ஏரோப்ளேன் நாத்தம்" என்று பெயர் வைத்திருந்த ஒரு நெடிதான் மூக்கைத் துளைக்கும். சாப்பாட்டு மேஜை முழுக்க அப்பாவின் பொம்மை விமானம் துண்டு துண்டாகப் பரப்பிக் கிடக்கும். நான்கு விசிறிகளும் மூன்று வால்களும் கொண்ட, ஜெட் வருவதற்கு முந்தைய காலத்துப் பயணிகள் விமானம். நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கார்ப்பெட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சாம்பார் சிந்தினால் திட்டு எனக்குத்தான்.

ஒட்டி முடித்தாரே, அதோடு விட்டாரா? மருந்து கம்பெனியில் பாட்டில் மூடிகளில் காற்று கசிகிறதா என்று சோதிப்பது அவர் வேலை. காற்றை உள்ளே அடைத்து வைப்பதைவிடப் பெரிய சாதனை உலகத்தில் கிடையாது என்பது அவர் எண்ணம். வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும் நேரமாகப் பார்த்து விமானத்தைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார். "இதுக்கு முன்னாடியெல்லாம் மேகத்துக்குள்ளயே ஆடிக்கிட்டுப் போகும். ஏறுனவங்க பூரா வாந்தி. இதுலதான் உள்ள காத்தை அடைச்சு, மழை புயலுக்கெல்லாம் மேல கொண்டு போனான். வெளிய இமயமலை, உள்ள கொடைக்கானல்" என்பார். மதுரைக்காரருக்குச் சொகுசு என்றால் கொடைக்கானல்தான். வந்த அங்கிள்கள் மென்றுகொண்டே தலையாட்டுவார்கள். "ஏங்க, அவங்களைச் சாப்பிட விடுங்க" என்று அம்மா சொல்வது அவர் காதில் விழுந்ததே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மதுரைக்கு, அப்பாவின் ஒரே தங்கையான என் அத்தை வீட்டுக்குப் போவோம். அந்தப் பயணங்களில் கால் வலிக்கிறது, காது அடைக்கிறது என்று வாய் திறக்க எங்களுக்கு உரிமை இல்லை. திறந்தால் அந்தக் காலத்து வாந்திக் கதை, பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி. பதின்மூன்று வயதில் ஒருமுறை பொறுக்க முடியாமல், "அப்பா, நோபடி கேர்ஸ்" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, போர்வைக்குள் சுருண்டிருந்த யாரோ ஒருவருக்கு முதலிலிருந்து ஆரம்பித்தார். என்னதான் செய்வது அந்த மனிதரை?

இப்போது அப்பாவும் அம்மாவும் சான் ஹோசேயில் என்னோடு இருக்கிறார்கள். பொம்மை விமானம் வீடு மாற்றியதில் எங்கோ தொலைந்துபோனது. அப்பாவின் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டது; மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அத்தைக்கும் உடம்பு சரியில்லை. "ஒரு தடவை அண்ணனைப் பாத்துட்டா போதும்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதற்காகத்தான் போன வாரம் டாக்டரிடம் கேட்கப் போனோம். கையோடு ஆக்சிஜன் கொண்டுபோனாலும் இவ்வளவு நீண்ட பயணம் கூடாது என்றார் அவர். விமானத்துக்குள் அடைத்திருக்கும் காற்று தரையில் இருப்பது போன்றது அல்ல, உயரமான மலைமேல் இருப்பது போல மெலிந்தது என்று, ஒரு தாளில் படம் வரைந்து அப்பாவுக்கு விளக்கினார்.

அப்பாவுக்கு! எனக்கு டாக்டர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்பாவோ படத்தையே பார்த்தபடி, முதல்முறை கேட்பவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் காரை ஓட்டியபடி, "ஏன்ப்பா, உள்ள காத்தைத் தரையில இருக்கிற அளவுக்கே வெச்சுக்க முடியாதா?" என்று கேட்டேன். என் வாழ்நாளில் அவரிடம் விமானத்தைப் பற்றி நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"சொல்லுங்களேன், பிள்ள கேக்குறாள்ல" என்றாள் பின்சீட்டிலிருந்த அம்மா.

அப்பா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ரோட்டைப் பாத்து ஓட்டும்மா" என்றார்.