அடுப்பில்லாத ஒரு வாரம்

செண்பகவல்லி இட்லி அவிக்கிறவள். தாராவியில் எங்கள் சந்தில் பாதி வீடுகளுக்கு அதுதான் பிழைப்பு என்றாலும் அவள் இட்லிக்குத் தனி மவுசு. அவள் அவித்து இறக்க, புருஷன் இசக்கிதுரை பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு செம்பூர் பக்கம் போய் விற்றுவருவார். "சேட், அப்னே ஹாத் கா மால்!" என்று, எல்லாம் தன் கைச்சரக்கு போல நெஞ்சைத் தட்டிக்கொள்வார். எந்த சேட்டும் யார் கை என்று கேட்டதில்லை. கிளம்புமுன் தானும் நாலு இட்லியை விழுங்கிவிட்டுத் தட்டைத் தள்ளுவார்.

"உப்பு ஒரு கல்லு கூட."

தினமும் இதே தீர்ப்புதான். நான் பக்கத்து வீட்டுக்காரி, நடுவில் இருப்பது தகரச் சுவர், எல்லாம் கேட்கும்.

ஒருநாள் மகள் சாதனா போனில் ஒன்றைக் காட்டினாள். கர்ஜத் பக்கம் ஓர் இயற்கைப் பண்ணை. தினம் கொஞ்ச நேரம் வேலை செய்தால் சாப்பாடும் தங்க இடமும் உண்டு, கூலி கிடையாது.

"அங்க ஆக்குறது யாருட்டி?"

"யாராவது ஆக்குவாங்கம்மா. நீ இல்ல."

அது போதும். அடுத்தவர் ஆக்கியதை ஒரு வாரம் உட்கார்ந்து தின்ன வேண்டும். கல்யாணமான நாள் முதல் அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

இசக்கிதுரை குதித்தார். "சும்மா மண்ணு வெட்டப் போறியா? கிறுக்கு புடிச்சிருக்கா?"

"ஒரு வாரத்துக்குப் பக்கத்துத் தெருவுல இட்லி வாங்கி வித்துக்கிடுங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே நடந்ததெல்லாம் அவள் திரும்பிவந்து என்னிடம் சொன்னது. பண்ணைக்காரி பானுமதி மாட்டுங்காவில் ஒரு தமிழ் வீட்டில் பிறந்தவர், வங்கி வேலையை விட்டுவிட்டு மண்ணுக்கு வந்தவர். "செண்பகம், நோக்கு என்னெல்லாம் சமைக்கத் தெரியும்?" என்று கேட்டார்.

"சுடுதண்ணி வைப்பேம்மா."

சமையலிலிருந்து தப்பியாயிற்று. சாணி அள்ளினாள், எருக்கூடை சுமந்தாள், களை பிடுங்கினாள். கூட வந்திருந்த காலேஜ் பிள்ளைகள் காரமில்லாத கூழையும் உப்பில்லாத கீரையையும் ஆக்கிப் போட்டன. அத்தனையையும் விருந்து மாதிரி வழித்துத் தின்றாள்.

தமிழ் அக்காவுக்காக என்று அதுகள் ஒருநாள் இட்லியும் அவித்தன. தட்டில் விழுந்தபோது டங் என்றது. "எப்படி இருக்கு, சொல்லுங்கோ" என்றார் பானுமதி. உளுந்து போதவில்லை, மாவு புளிக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் நாளை முதல் அடுப்படிதான். "பஞ்சு மாதிரி இருக்கும்மா" என்று இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றாள்.

வாரம் முடியுமுன்பே இசக்கிதுரை வந்து நின்றார். பக்கத்துத் தெரு இட்லியைச் சேட்டுகள் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"ஏட்டி, போதும் கிளம்பு! நீ இல்லாம இட்லி..."

மனுஷன் வாக்கியத்தை முடித்தால் எல்லாம் போச்சு. செண்பகவல்லி சட்டென்று எழுந்தாள்.

"அம்மா, இதான் எங்க வீட்டுக்காரரு. இட்லி யாவாரம். செம்பூர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, எல்லாம் அவரு கை மாலுதான்."

பிள்ளைகள் கைதட்டின. "அப்போ நாளைக்கு எங்களுக்கெல்லாம் நீங்கதான் பண்ணிப்போடணும்" என்று பானுமதி கைகூப்பினார். இசக்கிதுரை பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்ல வேண்டுமானால், இத்தனை வருஷமும் அது யார் கை என்றும் சொல்ல வேண்டும். சரி என்று தலையை ஆட்டிவைத்தார்.

மறுநாள் காலை, புகையில் கண் சிவந்து, சட்டையெல்லாம் மாவாக வெளியே வந்தார். இட்லியா களியா என்று அடித்துச் சொல்ல முடியாத ஒன்றை முதல் தட்டில் வைத்து அவளிடம் நீட்டினார். அவள் சம்மணமிட்டு நிதானமாகத் தின்றாள். கரண்டியைப் பிடித்தபடி அவர் பக்கத்திலேயே நின்றார்.

"எப்படி இருக்கு?"

சூடாக ஒரு தட்டை வைத்துவிட்டு, அவள் சொல்லப்போகும் வார்த்தைக்காகப் புருஷன் காத்து நிற்பது இதுதான் முதல் தடவை. கிடைத்த சந்தர்ப்பத்தை விட முடியுமா? தட்டைத் தள்ளினாள்.

"உப்பு ஒரு கல்லு கூட" என்றாள். "இன்னும் ரெண்டு வையிங்க."