இரண்டு கிலோ பிளேடு

ரோபோவைத் தொடுவதற்கு முன் அத்தான் அதன் பேட்டரி இணைப்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். பையைத் தட்டிப் பார்க்கிறார். "இருக்கா மச்சான்?" என்று என்னையும் கேட்கிறார். அவர் பைக்குள் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? "இருக்கு" என்று சொன்னால்தான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பார்.

அக்காவின் கணவர். வாஷிங் மெஷின் மெக்கானிக். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறும் பிறவி. இவர் ரோபோ சண்டைப் போட்டிக்குப் போகிறார் என்றால் சிரிப்பீர்கள், நானும் சிரித்தவன்தான். பழைய மெஷின்களின் தகட்டிலும் மோட்டாரிலும் கட்டிய அந்த ரோபோ முழங்கால் உயரம்கூட இல்லை. முகப்பில் சுழலும் பிளேடால் எதிராளியின் ரோபோவை வெட்டித் தூக்கி எறிய வேண்டும். இதுவரை போன மூன்று போட்டியிலும் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியது. "நம்ம அடி விழுது, ஆனா எதிராளிக்கு வலிக்கல" என்று காரணம் கண்டுபிடித்தார்.

ஆகவே ஒரு கிலோ பிளேடு இரண்டு கிலோ ஆனது. மோட்டார் பெரிதானது. எடை வரம்பைத் தாண்டக்கூடாதே என்று உடம்புத் தகட்டைத் துளைத்துச் சல்லடையாக்கினார். மாற்ற மாற்ற அவருக்குப் பயமும் ஏறியது. "பயப்படுறவனுக்குத்தான் பத்து விரலும் மிஞ்சும்" என்பார். சண்டைக்குப் போகிறவர் பேசுகிற பேச்சா இது!

நேற்று மாலை முதல் ஓட்டம். கூடத்தில் கெட்டிப் பலகைப் பெட்டிக்குள் அதை இறுகக் கட்டிவிட்டு, நாங்கள் இருவரும் இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். ரிமோட்டை அழுத்தினார். சத்தம் ஏற ஏற ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பத்து விநாடியில் விரலை எடுத்தார். பிளேடு நிற்கவில்லை. ரிமோட்டையே அணைத்தார். அப்போதும் நிற்கவில்லை.

"எல்லாத்தையும் மாத்தினேன். ரிலேயை மாத்தலையே" என்று என் காதில் வாயை வைத்துச் சொன்னார். மோட்டாருக்கு மின்சாரம் விடும் சின்னப் பொருள் அது. பெரிய மோட்டார் இழுத்த மின்சாரத்தின் சூட்டில் உள்ளே உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. இணைப்பைப் பிடுங்கலாம் என்றால், அது பிளேடுக்கு நான்கு விரற்கடையில் இருக்கிறது. பேட்டரி தீரக் கால் மணி நேரமாவது ஆகும். பதுங்கிக் கிடப்பதைத் தவிர வழியில்லை.

அப்போது அதிர்வில் கட்டுத் தளர்ந்து, பிளேடு பட்டுப் பெட்டியின் வாசல் பக்கத்துப் பலகை பிளந்தது. சிராய்கள் பறந்து போய்க் கதவில் தைத்தன. அக்கா வேலையிலிருந்து திரும்பும் நேரம். போன் செய்தேன், எடுக்கவில்லை. படியேறிக்கொண்டிருப்பாள். கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பீரோவை விட்டு ஓரடி நகர எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கதவின் கைப்பிடி அசைந்தது.

அத்தான் ஓடினார். கதவில் முதுகை ஒட்டி, இரண்டு கைகளாலும் கதவு நிலையைப் பற்றிக்கொண்டு, பெட்டியைப் பார்த்து நின்றார். வெளியிலிருந்து அக்கா தள்ளத் தள்ள, கண்களை இறுக மூடிக்கொண்டு குதிகாலை இன்னும் அழுத்தி ஊன்றினார்.