அந்த எண்ணை அழைப்பதற்கு முன்

போன வருடம் ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலை. சமயநல்லூரில் என் நண்பனின் செல்போன் கடையில் நானும் அவனும், பக்கத்துக் கடையில் துணி தைக்கும் அக்காவும் இருந்தோம். வழக்கமாக எங்களோடு டீ குடிக்கும் ஆட்டோ அண்ணன் மட்டும் இல்லை. வாடிப்பட்டிக்குச் சவாரி போயிருந்தார். ஆனால் அவர் அனுப்பிய பதிவு ஒன்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது.

நீலச் சேலையில் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். மனநிலை சரியில்லாத எங்கள் தங்கையைக் காணவில்லை, பார்த்தால் உடனே இந்த எண்ணுக்குச் சொல்லவும், குடும்ப மானம் கருதி போலீசுக்குப் போக வேண்டாம், உங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்துப் பகிரவும் என்று எழுதியிருந்தது.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாவம்டா, எந்த மூலையில நிக்குதோ! தம்பி, எல்லா குரூப்புலயும் போட்டு விடு. நீ போட்டாத்தான் நம்புவாய்ங்க.”

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் தெருவுக்கு வரும் எந்தத் தகவலும் என்னிடம் ஒருமுறை வந்து போகும். நான் அனுப்பிவிட்டால், படித்தவன் பார்த்துத்தான் போட்டிருப்பான் என்று அதற்கு மேல் யாரும் யோசிக்க மாட்டார்கள். அந்தப் பயத்தில் எதையும் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

படிக்கப் படிக்க உறுத்தியது. ஊர் இல்லை. என்றைக்குக் காணாமல் போனாள் என்று இல்லை. பெண்ணின் பெயர்கூட இல்லை. படத்தில் அவள் இடது தோளில் யாருடைய விரல்களோ தெரிந்தன. விரல்களை விட்டுவிட்டு ஆளை வெட்டி எடுத்திருந்தார்கள்.

“கல்யாணப் பத்திரிகை குடுத்தாலே மண்டபத்துக்குப் போன் போட்டுக் கேக்குற ஆளுதான மாப்ள நீயி” என்று நண்பன் சிரித்தான்.

கடையில் இருந்த போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டேன். ‘காணவில்லை’ பதிவைப் பார்த்தேன் என்று மட்டும்தான் சொன்னேன். எடுத்தவர் அவள் நன்றாக இருக்கிறாளா, சாப்பிட்டாளா என்று ஒன்றும் கேட்கவில்லை. “கூட எவனும் இருக்கானா?” என்பதுதான் முதல் கேள்வி. எந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “நீ யாருடா? எந்த ஊர்ல இருந்து பேசுற?” என்றார். வைத்துவிட்டேன். திரும்பத் திரும்ப அழைப்பு வந்ததும் நண்பனின் சிரிப்பு போய்விட்டது. போனை அணைத்து வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று, என் போனுக்கு ஆட்டோ அண்ணன் கூப்பிட்டார். “தம்பி, அந்தப் புள்ள என் ஆட்டோலதான் உக்காந்திருக்கு! கூட ஒரு பையன். நீ ஒருக்கா யோசிச்சுச் சொல்லு. அவுக வீட்டுக்குப் போன் அடிச்சிருவோம்.”

“அண்ணே, அடிச்சிராதீங்க” என்றேன்.

“ஏன்டா, பெத்தவய்ங்க எம்புட்டுத் தவிச்சிக்கிட்டு இருப்பாய்ங்க?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு அந்தப் பையன் மேலும் சந்தேகம்தான். அவன் ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போகிறவனாக இருந்தால்? ஊரெல்லாம் அந்தப் பெண்ணைத் தேடுகிறதே தவிர, அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அப்போதுதான் தோன்றியது. பையனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். ஒரு பெண் பேசினால் நல்லது என்று என் போனை அக்காவிடம் நீட்டினேன்.

“ஏத்தா, பயப்படாத. நான் துணி தைக்கிறவ. நீயா விரும்பித்தான் வந்தியா?”

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவள் குரல் எங்களுக்கும் கேட்டது. தெளிவாகப் பேசினாள். தன் வயது, படிப்பு, பதிவுத் திருமணம் ஆனது, பாதுகாப்புக் கேட்டு மதுரையில் பெரிய போலீஸ் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருப்பது எல்லாவற்றையும் சொன்னாள். படத்தில் வெட்டுப்பட்டது அவள் கணவனாம். கடைசியில்தான் குரல் உடைந்தது. “அக்கா, அந்த நம்பர் எங்கண்ணனோடது. அதுக்கு மட்டும் சொல்லிராதீங்க.”

பகிரச் சொல்லி அவசரப்படுத்திய அக்கா, போனை வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். விவரம் தெரிந்ததும் ஆட்டோ அண்ணன், அவர்கள் இறங்குவதாக இருந்த பஸ் ஸ்டாண்டில் நிற்காமல், இரண்டு பக்கத் திரையையும் இறக்கிவிட்டு, ஊருக்குள் சுற்றி அவர்களை மதுரை அலுவலகத்து வாசலில் கொண்டுபோய் விட்டார். அவர்கள் உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாராம். குழுவில் போட்ட பதிவையும் அவரே அழித்தார்.

மற்ற குழுக்களில் அழிக்க யாரும் இல்லை. போன மாதம்கூட விளாங்குடியில் இருக்கும் என் மாமா அதே நீலச் சேலைப் படத்தை எனக்கு அனுப்பி, “மாப்ள, புண்ணியமாப் போகும், பகிர்ந்து விடு” என்றார். நல்ல மனசோடுதான் அனுப்பினார். எனக்குப் பயமே அந்த நல்ல மனசை நினைத்துத்தான். இப்போதெல்லாம் மனதை உருக்கும் பதிவு ஏதாவது வந்தால், உதவும் முன் அது யாரைப் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறது என்று பார்க்கிறேன். ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கக்கூடிய அந்தக் காலையில் எங்களுக்கு ஆன செலவு, அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் நாங்கள் மூவரும் பங்கு போட்டு அவர் சட்டைப் பையில் திணித்த பெட்ரோல் காசு, முந்நூறு ரூபாய்.