காற்றை அளந்த நாள்

ஒரு தகரப் பெட்டி. அதன் தலையில் வெள்ளைக் காகிதம் ஒன்றைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தால், அது ஊளையிட்டுக்கொண்டே காற்றை உறிஞ்சும். காற்றில் இருக்கும் அழுக்கெல்லாம் காகிதத்தில் படியும். எண்பதுகளில் ஒருநாள், திண்டிவனம் பேருந்து நிலையத்தில் என் மாமாவின் கூண்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியை வைத்தார்கள். நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா என் அத்தையின் கணவர். பஸ்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பர் வேலை. பஸ்கள் பின்பக்கத்தைக் காட்டி நிற்கும் இடத்தில்தான் அவருடைய கூண்டு இருந்தது. விழுப்புரம் வண்டியும் பாண்டி வண்டியும் அங்கே நிற்கும்போது இன்ஜினை அணைக்கவே மாட்டார்கள். பேட்டரி அவ்வளவு மோசம். அணைத்தால் மறுபடி கிளம்பாது. புகை நேராகக் கூண்டுக்குள் போகும். சாயங்காலம் மாமா மூக்கைச் சிந்தினால் துண்டில் கரி ஒட்டும். இருமி இருமி எலும்பும் தோலுமாகிப்போனவர், கூண்டை வாசல் பக்கம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், காற்றை அளந்து பார்த்து முடிவு செய்வதாக மேலிடத்தில் சொன்னார்கள்.

அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் ஊரில் தெருவைக் கழுவுவார்கள். அன்றும் கழுவினார்கள். தண்ணீர் லாரி வந்து புழுதியை அடக்கியது. எல்லா வண்டிகளின் இன்ஜினையும் அணைக்கச் சொல்லிவிட்டார் டெப்போ மேனேஜர். கிளம்பும் நேரம் வந்தால் ஆட்கள் சேர்ந்து தள்ள வேண்டும். அங்கே வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த நானும் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினேன். மாமாவும் தள்ளினார்.

"யோவ் டைம் கீப்பரு, உன் மாமியா வூட்டு வண்டியாயா இது? இம்மாம் பாசமா தள்றே!" என்றார் ஒரு கண்டக்டர்.

"பெரிய ஆபீசருங்க வந்துக்கினு இருக்காங்க. ஸ்டாண்டு அசிங்கமா இருந்தா நமக்குத்தானய்யா கேவலம்? பேசாத, ஜல்தி தள்ளு" என்றார் மாமா, மூச்சு வாங்க.

மாலையில் காகிதத்தை உரித்தபோது அதில் அழுக்கு அதிகம் இல்லை. காற்றில் குறை இல்லை, கூண்டு இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய ஜீப் வாசலைத் தாண்டியதும் பஸ்கள் பழையபடி உறுமத் தொடங்கின. மாமா கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

இப்போது சென்னையில் சிக்னல் ஓரம் பலகை வைத்துக் காற்றின் அழுக்கை எண்ணாகக் காட்டுகிறார்கள். கூச்ச சுபாவம் உள்ளவன், அஞ்சாவது தாண்டாதவன் நான். ஆனாலும், தெருவைக் கழுவிவிட்டுத்தான் அளந்தீர்களா என்று யாரையாவது பிடித்துக் கேட்கத் தோன்றுகிறது.

மாமா அந்தக் கூண்டிலேயே வேலை பார்த்து, நெஞ்சு அடைத்துச் செத்தார். மாலையோடு வந்த மேனேஜர், "பீடி புடிப்பாரோ?" என்று கேட்டார்.

அத்தை அழுகையை நிறுத்தினாள். "எங்க வூட்டுக்காரரு பீடியத் தொட்டதே இல்லீங்க. நீங்கதான் பஸ்ஸு சைலன்சர அவரு வாயில வெச்சி வுட்டீங்க."

மேனேஜர் மாலையை மாமாவின் காலடியில் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் கூண்டு வாசல் பக்கம் போனது. அதில் வேலைக்கு வந்து உட்கார்ந்தவர் மேனேஜரின் மச்சான். அந்த முறை யாரும் காற்றை அளக்க வரவில்லை.