பெரியம்மாவின் வயிற்றெரிச்சல்

எங்கள் பெரியம்மா தலைவலி வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். இதை வீட்டில் முதலில் கவனித்தது நான்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். ராசிபுரத்தில் பெரியப்பாவும் அப்பாவும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு தறி போட்டு நூல் சேலை நெய்துகொண்டிருந்தார்கள். யுத்த காலம். நூல் வந்தால் தறி ஓடும், வராவிட்டால் பெரியவர்கள் வாய் ஓடும். நானோ கண்ணில் பட்டதற்கெல்லாம் ஏன், எப்படி என்று கேட்டு எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

தலைவலிக் கதை தம்பியின் காதுகுத்தில் தொடங்குகிறது. பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. பிறந்தது முதல் தம்பி அவர் மடியில்தான் கிடந்தான். பசித்தால் மட்டும் அம்மாவிடம் வருவான். காதுகுத்தன்று மாமா வீட்டுச் சீராக வெள்ளி அரைஞாண்கொடி வந்திருந்தது. வந்த பெண்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றி மெச்சிக்கொண்டிருந்தார்கள். விடியலிலிருந்து வாயில் ஒன்றும் போடாமல் அடுப்படியில் வெந்துகொண்டிருந்த பெரியம்மா, அந்த நேரம் பார்த்தா வெளியே வர வேண்டும்? வயிற்றில் கை வைத்தபடி, "வயிறு எரியுது அம்மிணி, துளி மோர் குடு" என்று அம்மாவிடம் கேட்டார்.

மோர் யார் காதிலும் விழவில்லை. வயிறு எரிகிறது என்றது மட்டும் விழுந்தது. கொடியை வைத்திருந்த பெண் அதைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்ததை நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. காது குத்தினால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவது புதிதில்லை. அம்மா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, "ஊட்டுக்குள்ளயே வயித்தெரிச்சல வெச்சுக்கிட்டு வெளியில யாரச் சொல்றது" என்றாள். அடுப்பைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்தில் பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு தம்பி அவர் கைக்குப் போகவில்லை. அவர் கையை நீட்டினால், "தூங்கப் போறானுங்க அக்கா" என்று சொல்லி அம்மா நகர்ந்துவிடுவாள். அவனோ கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டிருப்பான்.

பெரியம்மா அதோடு வயிறு என்ற பேச்சையே விட்டுவிட்டார். முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாராவது விசாரித்தால், "தலைவலி" என்பார். தலைவலியால் யார் வீட்டுப் பிள்ளைக்கும் ஆகாமல் போய்விடாதல்லவா! பெரியப்பாவுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் தலைவலிப் பொட்டலம் வாங்கி வந்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பார். பெரியம்மாவுக்குச் சாப்பாடு இறங்காத நாட்கள் அவை. வெறும் வயிற்றில் பொடி போகும். சற்று நேரத்தில் முகம் இன்னும் சுண்டும். "இன்னும் வலி உடலயா?" என்று பெரியப்பா அடுத்த பொட்டலத்தைப் பிரிப்பார்.

"தலை வலிச்சா எதுக்குங்க பெரியம்மா வயித்தப் புடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உஸ்... பேசாத இரு சாமி."

பதில் கிடைக்காததால் அவர் வயிற்றில் காதை வைத்துப் பார்த்தேன். குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற மாதிரி ஏதோ சத்தம் கேட்டது. அதற்கும் தலைக்கும் என்ன சம்பந்தம் என்று பிடிபடவில்லை.

ஒருநாள் காலை தெருவில் தறிக்கான பாவு நூலை நீள விரித்து எல்லோரும் கஞ்சி தடவிக்கொண்டிருந்தோம். பெரியம்மா கையிலிருந்த தூரிகையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். காப்பித்தூளைக் கரைத்து ஊற்றியதுபோலக் கறுப்பாக இருந்தது. தெருவே கூடிவிட்டது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைவாசலில் கல்லாக நின்றாள்.

பெரியப்பா பெரியம்மாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கரி பஸ்ஸில் கூட்டிப்போனார். அம்மா கைக்குழந்தைக்காரி என்பதால் துணைக்கு நான். பின்பக்கம் அடுப்பைக் கட்டிக்கொண்டு எரிந்தபடி ஓடும் வண்டி அது. வயிற்றில் நெருப்பு இருந்தால் பஸ் ஓடுகிறது, பெரியம்மா மட்டும் ஏன் இப்படித் துவண்டு கிடக்கிறார் என்று வழி நெடுக யோசித்தேன்.

டாக்டரம்மா, "எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டார்.

"தலைங்க."

டாக்டரம்மா பெரியம்மாவின் சேலையில் இருந்த கறையைப் பார்த்தார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் தலைதான். எனக்குப் பொறுக்கவில்லை. "தலைவலி வந்தா இங்கதானுங்க புடிச்சுக்குவாங்க" என்று என் நெஞ்சுக்குழிக்குக் கீழே தொட்டுக் காட்டினேன். அவர் அதே இடத்தில் லேசாக அழுத்தினார். பெரியம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எரிஞ்சா எரியுதுன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"எங்க ஊட்டுல அதச் சொல்லக் கூடாதுங்க" என்றார் பெரியம்மா.

டாக்டரம்மா விளக்கினார். சாப்பாட்டைக் கரைக்க வயிற்றில் ஒரு புளிப்பு நீர் ஊறுகிறதாம். அது வயிற்றையே கரைத்துவிடாமல் உள்தோலின்மேல் வழவழவென்று ஒரு பூச்சு இருக்கிறதாம். "பாவுக்குக் கஞ்சி போட்டாப்பலங்களா?" என்றார் பெரியப்பா. டாக்டரம்மாவுக்குப் பாவு தெரியவில்லை. கஞ்சி இல்லாத இழை உரசி உரசிப் பிசிராகி அறுந்துபோகும் என்று பெரியப்பா விளக்கியதும், "அதேதான். பூச்சு போய்த் தோல் அங்கங்கே அரிச்சிருக்கு. அதுதான் ரத்தம்" என்றார் டாக்டரம்மா. உள்ளே பார்க்காமலே எப்படித் தெரியும் என்று கேட்டேன். வலிக்கிற இடமும் வாந்தியின் நிறமும் சொல்லும் என்றார். பிறகு என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்று விசாரித்தார். பெரியப்பா மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினார். வெறும் வயிற்றில் இதைப் போட்டுக்கொண்டே இருந்தால் அரிப்பது மேலும் அரிக்கத்தான் செய்யும் என்று டாக்டரம்மா சொன்னதும், "நானே வாங்கியாந்து குடுத்தனுங்களே" என்று பெரியப்பா வாய்விட்டு அழுதார்.

சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பொட்டலம் கூடாது, காரம் கூடாது, பட்டினி கூடவே கூடாது. இரண்டு மணிக்கொருதரம் பால், இடையில் ஒரு வெள்ளை மருந்து, குழைந்த சோறு. டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் நான் வீட்டில் ஒப்பித்தேன். அம்மா பாலை மட்டும் நேரம் தவறாமல் காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்து வைப்பாள். பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டாள். தம்பி அவள் இடுப்பிலேயே இருந்தான்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. "உங்களுக்கு இருந்தது அம்மா சொன்ன எரிச்சலுங்களா, டாக்டரம்மா சொன்ன எரிச்சலுங்களா?" என்று பெரியம்மாவிடமே கேட்டேன்.

அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். "ரெண்டுந்தான் சாமி" என்றார். "ஒண்ணு பாலுக்கு அடங்கிப்போச்சு."

"இன்னொண்ணுக்கு என்னங்க மருந்து?"

"உன்ற தம்பிய இப்பிடி வயித்துமேல போட்டாத் தேவல."

ஓடிப்போய் அம்மாவிடம், "பெரியம்மா வயித்துமேல தம்பியப் போடணுமாம், மருந்தாம்" என்றேன்.

"டாக்டரம்மாவா சொன்னாங்க?"

"இல்ல, பெரியம்மாதான்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா அதை இறக்காமல் நின்றாள். பிறகு தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் பெரியம்மாவின் வயிற்றின்மேல் மெல்லப் படுக்கவைத்தாள்.

"கனமா இருந்தாச் சொல்லுங்க அக்கா."

"கனமே இல்ல அம்மிணி. இருக்கட்டும்."

இருவரும் அழுதார்கள். மருந்து அவ்வளவு கடுமை போலும் என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த மாதம் மாங்காய் தின்று எனக்கு வயிறு வலித்தபோது நானும் தம்பியைத் தூக்கி என் வயிற்றின்மேல் போட்டுப் பார்த்தேன். பாவாடை நனைந்ததுதான் மிச்சம், வலி நிற்கவில்லை. சில மருந்து சிலருக்குத்தான் கேட்கும் என்று விட்டுவிட்டேன்.