பிந்தி விழுந்த றபான் அடி

போன வெள்ளிக்கிழமை என் சிநேகிதன் றபீக், என் வீட்டுக் கூடத்தில் றபான் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு எழும்பினான்.

"மச்சான், எனக்கு இது சரிவராது. நான் போறன்."

அவன் இப்படி எழும்பிப் போவது முதல் தடவையா என்ன?

பள்ளிக்கூடக் காலத்தில் நாங்கள் ஒரு சோடி. நான் கீதம் பாடுவேன், அவன் றபான் அடிப்பான். நெல் லொறியில் தொற்றிக்கொண்டு போட்டிகளுக்குப் போன நாட்கள்... சே, என்ன நாட்கள் அவை! ஒருமுறை அக்கரைப்பற்றில் மீலாத் விழாக் கீதப் போட்டி. பாட்டு நடுவில் குழம்பிவிட்டது. மேடையால் இறங்கியதும் எல்லார் முன்னாலும் கத்தினேன் - "நீ பிந்தி அடிச்சுத்தான் எல்லாம் நாசமாப் போச்சு!"

அவன் மேடையடியிலேயே திரும்பி நடந்தான். தன் ஊர் பாலமுனைக்கு பஸ் ஏறியவன், அதன்பிறகு றபானைத் தொடவேயில்லை. நான் மட்டும் கல்யாண வீடுகளில் பாடித் திரிந்தேன்.

இப்போது எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரே ஆய்க்கினை. அந்தப் பழைய போட்டிக் கீதத்தைப் பதிந்து போடட்டாம். கெஞ்சிக் கூத்தாடித்தான் றபீக்கைக் கல்முனைக்கு வரவழைத்தேன். இங்கே ரெக்கோர்டிங் என்றால் லேசா? பின்னேரம் அஸர் தொழுத கையோடு தொடங்கி, பள்ளி ஒலிபெருக்கியில் மஃரிப் பாங்கு கேட்குமுன் முடிக்க வேண்டும். சத்தம் விழுமென்று ஃபேனையும் நிறுத்திவிட்டு வேர்வையில் குளித்தோம்.

முதலில் என் பாட்டை மகளின் லெப்டொப்பில் பதிந்தோம். அதை புளூடூத் ஹெட்போனில் கேட்டபடி றபீக் அடித்தான். போட்டுப் பார்த்தால்... அடி ஒவ்வொன்றும் பிந்தி விழுகிறது. என் வாய் சும்மா இருக்குமா?

"பிந்துது மச்சான்!"

அதற்குத்தான் எழும்பினான்.

மகள்தான் மறித்தாள். "இரிங்க மாமா. நீங்க பிந்தல்ல, லெப்டொப்தான் பிந்துது. வாப்பாட பாட்டு புளூடூத்தால உங்கட காதுக்கு வரவே நேரமெடுக்குது."

வயர் ஹெட்போனை மாட்டினாள். பஃபர் என்று ஒன்றாம். லெப்டொப் சத்தத்தைச் சேர்த்து வைத்துத்தான் வெளியே விடுமாம். அதன் அளவு 1024 இல் கிடந்ததை 128 ஆக்கினாள். லெப்டொப்பில் திறந்து கிடந்த மற்றதையெல்லாம் மூடினாள். மறுகா தாளத்துக்கான டிக்-டிக் சத்தத்தை மட்டும் கேட்டு றபீக் அடித்தான். திரையில் ஒவ்வொரு அடியும் தாளக் கோட்டிலேயே விழுந்தது. இத்தனை வருடம் தொடாத கை!

அந்த அடியைக் கேட்டபடி நான் பாடினேன். பாட்டின் இரண்டாம் வரியிலேயே இடறியது.

"மகள், அந்த பஃபரை இன்னும் கொஞ்சம் குறைங்க."

"குறைக்க ஒண்டுமில்ல வாப்பா. நீங்கதான் முந்தி ஓடுறீங்க."

திரையைப் பார்த்தேன். உண்மைதான். றபான் கோட்டில் நிற்கிறது. என் குரல் முன்னால் பாய்கிறது. எனக்கு அக்கரைப்பற்று மேடை ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"றபீக்... அண்டைக்கும் நான்தானாடா?"

"ஓம் மச்சான். அண்டைக்கும் நீதான் ஓடின."

"ஏன்டா சொல்லல்ல?"

றபானை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தான்.

"சொன்னா நீ பாட்ட விட்டிருப்பாய். ஒராள் விட்டது போதாதா?"