ஏழாம் கட்டம்

எங்கள் ஜனக்புரி குடியிருப்பில் கருப்பசாமிக்குக் ‘கடல் சார்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். மனிதர் சங்கரன்கோவில்காரர். ஐம்பத்து நான்கு வயதாகியும் ஒரு தோணியில்கூடக் கால் வைத்ததில்லை. ஆனால் டெல்லி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, தெற்குக் கடலில் காற்றாலை நிறுத்த இடம் தேடுவதுதான் அவர் பிழைப்பு.

ஆழம், காற்று, கப்பல் பாதை, மீன்பிடி என்று ஒவ்வொன்றையும் ஒரு வரைபடமாக்கித் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார். எதுவும் குறுக்கே வராத இடத்தைச் சுற்றிக் கட்டம் போடுவார். அவர் போட்ட ஏழாம் கட்டம் அப்படியொரு அழகு. காற்று நிறைய, படகு ஒன்றுகூட இல்லை. மெட்ரோவில் கண்ணை மூடினால் அங்கேயே போய்விடுவார். வெளியே மொட்டைமாடிகள் ஓடிக்கொண்டிருக்க, இவர் காலடியில் தண்ணீர் தளும்பும். இறங்கும் இடம் வந்ததும் நான்தான் தட்டி எழுப்ப வேண்டும். யாருடைய கட்டம் தேர்வாகிறதோ அவரையே ஆய்வுக் கப்பலில் அனுப்புவது அந்த அலுவலக வழக்கம். முடிவெடுக்கும் கூட்டம் மே மாதக் கடைசித் திங்களன்று. பாவம், பெட்டிகூட வாங்கிவிட்டார்.

முந்தின நாள் மீன் கடையில் அவர் மனைவி ஜெயலட்சுமி அலுத்துக்கொண்டார். “நம்ம பக்கத்து மீனு ஜூன் பாதி வரைக்கும் வராதுன்னு மீன்கார பையா சொல்லுதான். தடைக்காலம்லா, விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாதாம்.”

கருப்பசாமி பையை என் கையில் திணித்துவிட்டு ஆபீசுக்கு ஓடினார். மேகமில்லாத தெளிவான படம் வேண்டுமென்று, படகுகளைத் தேட அவர் எடுத்துக்கொண்டவை போன மே மாதச் செயற்கைக்கோள் படங்கள். மற்ற மாதங்களைத் திறந்தார். ஏழாம் கட்டம் முழுக்கப் புள்ளிகள், அத்தனையும் படகுகள். அவர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு அந்தக் கட்டத்தை அவரே அழித்தார்.

எல்லாக் கட்டங்களையும் வருடம் முழுவதற்கும் சோதித்ததில், சக ஊழியன் ப்ரசன்னாவின் கட்டம்தான் தேறியது.

அக்டோபரில் கப்பலிலிருந்து அவன் கருப்பசாமிக்கு வீடியோ கால் செய்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கைப்பேசி முழுக்க நீலம்.

“சார், தெரியுதா? சூப்பரா இருக்கு சார்!”

“படகு ஏதும் நிக்குதா?”

“ஒண்ணும் இல்ல சார். காலி.”

“அச்சா. இப்பத் தடைக்காலமும் இல்ல. அப்ப சரியான இடம்தான்.”

ப்ரசன்னா போனை வைக்கப் போனான்.

“வச்சிராதப்பா. பேச வேண்டாம், கொஞ்ச நேரம் அப்படியே காட்டு” என்று சொல்லிவிட்டு, என் முன்னாலேயே கருப்பசாமி அழுதார்.